ஐயரம்மா வந்தாச்சா?

"லாரி வந்தாச்சா?"

அம்பத்தூரில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சர்ச்சின் வாசலில் அன்று காலையிலிருந்து இந்த ஒரே கேள்விதான். புதிய உதவி ஐயர் மாற்றலாகி வருகிறார். அவரோடு மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு லாரி நிறையச் சாமான்கள்.

சர்ச்சில் ஐயரா என்று திகைக்க வேண்டாம். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் குருவானவரை 'ஐயர்' என்றும், அவர் மனைவியை 'ஐயரம்மா' என்றும் அழைப்பது பல தலைமுறையாக வந்த பழக்கம். அவர்கள் குடியிருக்கச் சபை தரும் வீட்டுக்குக் 'குருமனை' என்று பெயர். எவ்வளவு அழகான பெயர்!

குருமனைக்குள் எட்டிப் பார்த்தேன். மாதர் சங்கத்தார் ஐந்தாறு பேர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அடுப்பு மேடையைத் தேய்த்தார். இன்னொருவர் தண்ணீர்க் கேன்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து வீட்டு அக்காதான் இந்தப் படைக்குத் தளபதி.

"ஏம்மா, வேடிக்கை பாக்குறியா? அந்தத் துடைப்பத்தை எடு" என்றார். எடுத்தேன். பத்திரிகைக்காரி என்றால் துடைப்பத்துக்கு விதிவிலக்கா என்ன?

பெருக்கி முடித்து எல்லோரும் டீ குடிக்க உட்கார்ந்தபோது பேச்சு புது ஐயரைச் சுற்றியே வந்தது. பிரசங்கம் எப்படி இருக்குமோ, ஐயரம்மா ஞாயிறு பள்ளிக்கு வருவாரோ, வேலைக்குப் போகிறவரோ, பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று ஆளுக்கொரு கவலை.

திடீரென்று அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: "நாலு விஷயம் படிக்கிறவ நீ. பைபிள்லே இயேசுவை 'ரபீ'ன்னு கூப்பிடுறாங்களே, அந்த ரபி யூதருக்கெல்லாம் இன்னும் இருக்காங்களா? அவங்களுக்கும் இப்படி மாற்றல் உத்தரவு வருமா? ரபியம்மாவுக்கு யார் வீடு கழுவி வைப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். விசாரிக்க விசாரிக்க அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஒரு பெண் பார்க்கும் படலம்

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். ரபி பூசாரி அல்ல. 'ரபி' என்றால் ஆசிரியர். மத நூல்களையும் சட்டங்களையும் பல ஆண்டுகள் கற்று, பெரியவர்களிடம் பட்டம் பெற்றவர். 'இதைச் சாப்பிடலாமா?', 'இந்தக் கல்யாணம் செல்லுமா?' என்று கேட்டால் நூல் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அவருடைய முக்கியமான வேலை. யூதர்களில் பரம்பரையாக வரும் புரோகிதக் குடும்பங்கள் தனியே உண்டு. ரபி பதவி பரம்பரைச் சொத்து அல்ல, படித்து வாங்குவது. ஜெப ஆலயத்தில் தொழுகை நடக்க ரபி இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மாற்றல் உத்தரவு வருமா? வராது. ரபியை அனுப்பி வைக்கப் பேராயர் யாரும் அவர்களுக்கு இல்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு ஜெப ஆலயச் சபையும் தனக்கு வேண்டிய ரபியைத் தானே தேடிப் பிடித்துச் சம்பளம் பேசி ஒப்பந்தம் எழுதுகிறது. சபை பெரிதானால் மூத்த ரபிக்குத் துணையாக ஓர் உதவி ரபி. பெரும்பாலும் படிப்பு முடித்துப் புதிதாகப் பட்டம் வாங்கிய இளைஞர், கைக்குழந்தையோடு வருகிறவர்.

என்னோடு கல்லூரியில் படித்த சிநேகிதி நியூ ஜெர்ஸியில் இருக்கிறாள். அவளுடைய அடுத்த வீடு யூதக் குடும்பம். ஒருமுறை அவர்கள் வீடே அமளிதுமளிப்பட்டதாம். என்னவென்று கேட்டால், உதவி ரபி வேலைக்கு விண்ணப்பம் போட்டவர் குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கப் போகிறார்!

"நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலத்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம்கூட இல்லையடி. பஜ்ஜி சொஜ்ஜிதான் இல்லை" என்றாள் சிநேகிதி.

முதலில் ஜாதகம் பார்ப்பதுபோல் படிப்பு, அனுபவம் எல்லாம் எழுதிய விண்ணப்பம். இதைப் பார்ப்பதற்கென்றே சபையில் ஒரு குழு. பிறகு கணினித் திரையில் முகம் பார்த்துப் பேச்சு. அதிலும் தேறிய இரண்டு மூன்று பேருக்கு 'வந்து பாருங்கள், நாங்களும் பார்க்கிறோம்' என்று அழைப்பு. வருகிறவர் வெள்ளிக்கிழமை மாலைக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். அந்த மாலையில்தான் ஓய்வு நாள் தொடங்குகிறது. பழமையை அணுவளவும் விடாத சபைகளில் அதற்குப் பிறகு கார் ஏறக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது. ஆகவே விருந்தாளிக் குடும்பத்துக்கு ஆலயத்துக்கு நடந்து போகும் தூரத்திலேயே ஜாகை தேட வேண்டும்.

வெள்ளி இரவு ஒரு வீட்டில் விருந்து. சனிக்கிழமை ஆலயத்தில் வேத பாடம், பிரசங்கம். மதியம் இன்னொரு வீட்டில் சாப்பாடு. குழந்தைகளோடு ஒரு மணி நேரம், இளம் தம்பதிகளோடு ஒரு மணி நேரம், முதியவர்களோடு ஒரு மணி நேரம். எல்லோரும் சிரித்துக்கொண்டே கேள்வி கேட்பார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே மதிப்பெண் போடுவார்கள். கடைசியில் அவரவர் அபிப்பிராயத்தை எழுதிக் குழுவிடம் கொடுத்துவிடுவார்கள்.

மாப்பிள்ளைக்குப் பரீட்சை சரி. மனைவிக்கு?

ரபியின் மனைவிக்கு 'ரெபெட்ஸின்' என்று ஒரு தனிப் பட்டம் உண்டு. ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழிச் சொல். சம்பளம் ரபிக்கு மட்டும், வேலை இருவருக்கும். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவது, கல்யாணப் பெண்ணுக்கு வீட்டு ஆசாரங்களைக் கற்றுத் தருவது, பிரசவித்த வீட்டுக்குச் சாப்பாடு அனுப்புவது, வெள்ளிக்கிழமை இருபது பேருக்குச் சமைப்பது எல்லாம் பல காலம் அவர் தலையில்தான் விழுந்தன. 'நீங்கள் ஹீப்ரு வகுப்பு எடுப்பீர்களா?' என்று விருந்தின்போது யாராவது இனிக்க இனிக்கக் கேட்டால் அது வெறும் உபசாரப் பேச்சு அல்ல. இப்போது நிறைய ரெபெட்ஸின்கள் டாக்டர், வக்கீல் என்று தமக்கென்று உத்தியோகம் பார்க்கிறவர்கள். 'நான் அவருடைய மனைவி, உங்கள் உதவியாளர் அல்ல' என்று சொல்லத் துணிந்தவர்களும் இருக்கிறார்கள்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது, "நம்ம ஐயரம்மாவும் ஸ்கூல் டீச்சராம்" என்றார், கொஞ்சம் யோசனையோடு.

கடைசியாகக் கிடைத்த வேலை

மனைவியாக வராமல், ரபியாகவே ஒரு பெண் வந்தால்? இந்தக் கேள்வியைப் பல நூற்றாண்டுகள் யாரும் கேட்கவே இல்லை. ஜெர்மனியில் ரெகினா யோனாஸ் என்ற பெண்மணி கேட்டார். 1935-ல் பட்டமும் பெற்றார். ஆனால் அது நாஜிகள் ஆண்ட காலம். 1944-ல் ஆஷ்விட்ஸ் கொலைக்கூடத்தில் அவர் உயிர் போயிற்று. அவருடைய பெயரும் பல ஆண்டுகள் மறந்தே போயிற்று.

அடுத்தவர் அமெரிக்காவின் ஸாலி பிரீஸாண்ட். 1972-ல் சின்சினாட்டி நகரில் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 25. ஊர் ஊராகப் பத்திரிகைகளில் படம் வந்தது. ஆனால் வேலை? சில சபைகள் அவரைக் கூப்பிட்டுப் பார்க்கவே மறுத்துவிட்டன. கூடப் படித்த ஆண்கள் ஒவ்வொருவராக உத்தியோகம் கிடைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வகுப்பில் கடைசியாக வேலை கிடைத்தவர் அவர்தான். நியூயார்க்கில் உள்ள ஸ்டீபன் வைஸ் ஆலயம் அவரை உதவி ரபியாக ஏற்றுக்கொண்டது. 1979 வரை அங்கே இருந்தார். பிறகு நியூ ஜெர்ஸியில் ஒரு சபைக்குத் தலைமை ரபியாகி, 1981 முதல் 2006 வரை, இருபத்தைந்து ஆண்டுகள் அதை நடத்தினார். இன்று சீர்திருத்தச் சபைகளில் பெண் ரபி என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பழமைவாதச் சபைகளில் பெரும்பாலானவை இன்னமும் ஒப்புக்கொள்வதும் இல்லை.

ரபி இல்லாத ஊர்

அமெரிக்கா கிடக்கட்டும், நம் நாட்டு யூதர்கள் ரபிக்கு என்ன செய்தார்கள்? இங்கேதான் ஆச்சரியம். கொச்சியில் பல நூற்றாண்டுகள் யூதர்கள் வாழ்ந்தார்கள். பட்டம் பெற்ற ரபி என்று ஒருவரைச் சபைத் தலைவராக வைத்துக்கொள்ளாமலேயே வாழ்ந்தார்கள். பெரியவர்கள் கூடிச் சபையை நடத்தினார்கள். குரல் வளம் உள்ளவர் தொழுகையை முன்நின்று பாடினார். அவ்வளவுதான்.

அவர்களுக்கு வேண்டியது ரபி அல்ல, பத்துப் பேர். வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால் சபை. ஒன்பது பேர் கூடினால், அவர்கள் ஒன்பது பேரும் மகா பண்டிதர்களாகவே இருக்கட்டும், முழுத் தொழுகை நடக்காது. வேதச் சுருளை வெளியே எடுத்து ஓத முடியாது. ரபி இல்லாமல் நடக்கும், பத்தாவது ஆள் இல்லாமல் நடக்காது.

சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஏறக்குறைய 1000-ம் ஆண்டில் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்த செப்பேடு இன்னும் இருக்கிறது. எழுத்து நம் வட்டெழுத்து. பகல் விளக்கு, பல்லக்கு, குடை, பறை, காகளம் என்று அரசருக்கு நிகரான மரியாதைகளை வரிசையாக எழுதி வழங்கியிருக்கிறார். எழுபத்திரண்டு உரிமைகள் என்பார்கள்.

மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி ஜெப ஆலயம் 1568-ல் கட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், நம் கோவில்களைப்போல. தரையில் நீல வண்ணச் சீனத்து ஓடுகள். கூரையிலிருந்து கண்ணாடி விளக்குகள். வேதம் ஓதும் மேடை கீழே ஒன்று இருப்பதுபோல் மாடியிலும் ஒன்று உண்டு. பெண்கள் அமரும் இடத்துக்கு நேர் முன்னால். உலகத்தில் மற்ற ஊர் ஜெப ஆலயங்களில் இந்த அமைப்பைக் காண முடியாது. கேரளத்து யூதப் பெண்களுக்கு வேத ஒலி கைக்கெட்டும் தூரத்தில் கேட்டது.

அந்தப் பெண்கள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர்களும் அல்ல. மலையாளத்தில் அவர்களுக்கென்று தனிப் பாட்டுகள் உண்டு. கல்யாணத்துக்கு, பண்டிகைக்கு, வேதக் கதைகளைச் சொல்ல என்று தனித் தனியே. பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கை மாறிய நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். அறிஞர் ஸ்கறியா ஸக்கறியாவும் ஓஃபிரா கம்லியேலும் அந்தப் பாட்டுகளைத் திரட்டி ஹீப்ரு மொழிபெயர்ப்போடு ஜெருசலேமில் வெளியிட்ட தொகுப்புக்கு என்ன பெயர் தெரியுமா? 'கார்குழலி'! நமக்கு அகராதி தேவையில்லை.

சமையலறையிலும் அப்படித்தான். பாலும் இறைச்சியும் ஒன்றாகச் சேரக் கூடாது என்பது யூத நியமம். பால் ஊற்றிக் குழம்பைக் குறுக்க முடியாது. கொச்சிப் பெண்களுக்கு இது ஒரு கஷ்டமாகவே இல்லை. கொல்லையில் தென்னை இருக்கிறதே! தேங்காய்ப் பால் பாலில் சேர்த்தியில்லை. இதற்குத் தீர்ப்புச் சொல்ல ரபி எதற்கு?

தபாலில் வந்த தீர்ப்பு

ஆனால் எல்லாக் கேள்விக்கும் தென்னைமரம் விடை சொல்லிவிடுமா? ரபி இல்லாத குறை கொச்சியைச் சுட்ட ஒரு விஷயம் உண்டு. அதை மறைத்துவிட்டு அந்த ஊரைப் புகழ்ந்துகொண்டே போவது நியாயமாகாது.

நூற்றுக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குள்ளேயே மேல், கீழ் என்ற பேதம் புகுந்துவிட்டது. நம் மண்ணின் காற்று பட்டால் யாரையும் அது விடாது போலும். 'இவர்கள் அடிமைகளின் வழிவந்தவர்கள்; இவர்களோடு சம்பந்தம் செய்யலாமா?' என்று ஒரு சாரார் முறைத்துக்கொண்டார்கள். தீர்ப்புச் சொல்ல ஊரில் ரபி இல்லை. எனவே 16-ம் நூற்றாண்டில் எகிப்தில் இருந்த புகழ்பெற்ற ரபி டேவிட் பென் ஸிம்ராவுக்கு எழுதிக் கேட்டார்கள். கடல் தாண்டிப் பதில் வந்தது: முறைப்படி நீராடிச் சடங்கு செய்துவிட்டால் அவர்களும் முழு யூதர்களே, தாராளமாகச் சம்பந்தம் செய்யலாம்.

நல்ல தீர்ப்பு. யாரும் கேட்கவில்லை. பிறகு அலெக்ஸாந்திரியாவிலிருந்த ரபி காஸ்ட்ரோவிடம் மறுபடியும் கேட்டார்கள். அவரும் அதையே சொன்னார். அதையும் கேட்கவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் ரபி என்றால் வெள்ளிக்கிழமைதோறும் முகத்தில் விழிக்க வேண்டும். கடலுக்கு அப்பால் இருக்கும் ரபியின் கடிதத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடலாம்!

அந்தப் பூட்டை உடைக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பரதேசி ஆலயத்தில் உள்ளே உட்கார உரிமை மறுக்கப்பட்ட பிரிவில் பிறந்தவர் ஏ. பி. ஸேலம். சென்னையில் சட்டம் படித்தவர், காந்திஜியின் வழியைப் பின்பற்றியவர். 'யூத காந்தி' என்று அவருக்குப் பெயர். தம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஆலயத்தில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்தார். கதவு மெல்ல மெல்லத் திறந்தது. 1950-ல் அவருடைய மகன் ஒருவருக்கும் மேல்பிரிவுப் பெண் ஒருத்திக்கும் காதல் கனிந்து கல்யாணம் நடந்தது. கொச்சியில் நடத்த முடியவில்லை. பம்பாய்க்குப் போய் முடித்துக்கொண்டார்கள். 1967-ல் ஸேலம் காலமானார்.

இதற்குள் வேறொரு சோதனை வந்துவிட்டது. இஸ்ரேல் நாடு பிறந்ததும் கொச்சி யூதர்கள் குடும்பம் குடும்பமாகப் புறப்படத் தொடங்கினார்கள். 1950-களின் நடுவில் பல ஆலயங்கள் வெறிச்சோடிவிட்டன. 1968 டிசம்பரில் பரதேசி ஆலயத்தின் 400-வது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், தபால் தலையும் வெளியிட்டார்கள். ஆலயம் பேர் பெற்றுக்கொண்டிருந்தது. உள்ளே தலைகள் குறைந்துகொண்டிருந்தன. சண்டை போட்டுப் பெற்ற இடத்தில் உட்கார ஆள் இல்லை. பிற்காலத்தில் பத்துப் பேரை நிரப்ப, சுற்றுலா வந்த யூதர் யாராவது உண்டா என்று பார்க்கும்படி ஆயிற்று.

யூதத் தெருவில் சின்னதொரு தையல் கடை வைத்திருந்த ஸாரா கோஹன் அம்மாளைக் கொச்சி போனவர்கள் பார்த்திருக்கலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து தலைக்குல்லாவும், ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணியும் பூவேலை செய்து விற்பார். 2019-ல் தம் 96-வது வயதில் மறைந்தார். கடைசி வரை உடனிருந்து அவரையும் கடையையும் கவனித்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம் அன்பர்.

பவளக்காரத் தெரு

கொச்சி வரை போவானேன், நம் சென்னையிலேயே யூதர்கள் இருந்தார்கள். ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இருக்கிறதே, அங்கே பவளத்தை விற்று வைரத்தை வாங்கியவர்களில் 17-ம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து வந்த யூத வியாபாரிகள் முக்கியமானவர்கள். 1688-ல் சென்னை மாநகராட்சி தோன்றியபோது அமைந்த பன்னிரண்டு ஆல்டர்மென்களில் மூன்று இடம் அவர்களுக்கு! இன்றைக்கு மாநகரில் யூதருக்கு ஓர் ஆலயம்கூட இல்லை. அவ்வை சண்முகம் சாலையாகிவிட்ட பழைய லாயிட்ஸ் சாலையில் ஹீப்ரு எழுத்துப் பொறித்த பழைய கல்லறைக் கற்கள் சில இருக்கின்றன. வியாபாரம் முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள்; போக முடியாதவர்கள் மட்டும் இருக்கிறார்கள்.

கொங்கணக் கரையில் இருந்தவர்கள் கதை வேறு. அவர்கள் செக்காட்டி எண்ணெய் எடுத்தவர்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. 'சனிவாரத் தேலி', அதாவது சனிக்கிழமை ஓய்வெடுக்கும் செக்கார் என்றே ஊரார் அழைத்தார்கள். வேதநூல் கையில் இல்லை, ரபி இல்லை, ஆலயமும் இல்லை. ஆனால் சனிக்கிழமையை விடவில்லை. 1796-ல் பம்பாயில் அவர்கள் முதல் ஆலயம் கட்டினார்கள். பிறகு 19-ம் நூற்றாண்டில் அவர்களுக்குத் தொழுகை முறைகளைக் கற்றுத் தரக் கொச்சியிலிருந்து ஆசிரியர்கள் போனார்கள். ரபி இல்லாத ஊர் ரபி இல்லாத இன்னொரு ஊருக்கு வாத்தியார் அனுப்பியது!

டில்லியிலும் அப்படியே. 1956-ல் எழுந்த யூதா ஹையாம் ஆலயத்தைப் பல ஆண்டுகள் சம்பளம் வாங்காமல் நடத்தி வந்தவர் எசக்கியேல் மாலேகர் என்ற வழக்கறிஞர். பத்துப் பேர் கணக்கில் பெண்களையும் சேர்த்துக்கொண்டவர் அவர்.

கொலாபாவில் ஒரு வீடு

இனிச் சொல்லப்போவதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நான் இரண்டு நாள் தயங்கினேன்.

யாரும் கூப்பிடாமல், பெண் பார்க்கும் படலம் எதுவும் இல்லாமல், தாமாகவே வந்து சேரும் ரபிக் குடும்பங்களும் உண்டு. 'சபாத்' என்ற இயக்கம் இளம் தம்பதிகளை உலகமெங்கும் அனுப்புகிறது. ரபியை மட்டும் அனுப்புவதில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்தே தூதுவர்கள். போகிற ஊரில் வீடு பிடித்து, யார் வந்தாலும் வெள்ளிக்கிழமை இரவில் சோறு போடுவது அவர்கள் கடமை.

அப்படி 2003-ல் மும்பைக்கு வந்தவர்கள் ரபி கவ்ரியேல் ஹோல்ட்ஸ்பெர்க்கும் அவர் மனைவி ரிவ்காவும். இருவருக்கும் இருபதுகளில் வயது. கொலாபாவில் நரிமன் இல்லம் என்ற கட்டடத்தில் குடியிருந்தார்கள். வழிப்போக்கர்கள், வைர வியாபாரிகள், முதுகில் மூட்டையோடு நாடு சுற்றும் இளைஞர்கள் எல்லோருக்கும் அந்த வீடு திறந்திருந்தது. நியமப்படி கோழி அறுக்க ஆள் கிடைக்காததால் ரபி தாமே அறுப்பார். ரிவ்கா சமையலை மேற்பார்ப்பார். அவர்களுடைய சிறுவன் மோஷேயைப் பார்த்துக்கொள்ள ஸாண்ட்ரா ஸாமுவேல் என்ற நம் நாட்டுப் பெண்மணி இருந்தார்.

2008 நவம்பர் 26 இரவு மும்பையில் என்ன நடந்தது என்பது நமக்கெல்லாம் தெரியும். அந்த வீட்டுக்குள்ளும் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். ஸாண்ட்ரா கீழே ஓர் அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு இரவெல்லாம் ஒளிந்திருந்தார். காலையில் மேலே குழந்தை அழும் சத்தம் கேட்டது. தம் பெயரைச் சொல்லி அழுதது. கதவைத் திறந்து மாடிக்கு ஓடினார். கீழே விழுந்து கிடந்த தாய் தந்தையர் நடுவில் குழந்தை நின்றுகொண்டிருந்தான். இரண்டு வயது நிறைய இரண்டு மூன்று நாளே இருந்தது. வாரி எடுத்துக்கொண்டு படியிறங்கித் தெருவுக்கு ஓடி வந்தார் ஸாண்ட்ரா. சமையற்காரரும் அவரோடு தப்பினார்.

ஆதரவற்ற குழந்தையைப் பாட்டி தாத்தா இஸ்ரேலுக்குக் கூட்டிப் போனார்கள். அவன் ஸாண்ட்ராவை விட்டு இறங்கவில்லை. ஸாண்ட்ராவும் கூடவே போனார். அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் உண்டு, அவர்களை இங்கே விட்டுவிட்டுப் போனார். 2010-ல் இஸ்ரேல் அரசாங்கம் அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது.

நரிமன் இல்லம் பல ஆண்டுகள் குண்டு துளைத்த சுவரோடு பூட்டிக் கிடந்தது. அங்கே இனி யார் மனைவி மக்களோடு குடியேறுவார்கள்? குடியேறினார்கள். ரபி கோஸ்லோவ்ஸ்கியும் அவர் மனைவி ஹாயாவும் பொறுப்பேற்க, 2014 ஆகஸ்டில் வீடு மறுபடி திறந்தது. 2018 ஜனவரியில் பதினொரு வயது மோஷே அங்கே வந்தான், ஸாண்ட்ராவும் கூட வந்தார். அவன் இருந்த அறையின் சுவரில் அவனுடைய உயரத்தைக் குறித்து வைத்த கோடுகள் அழியாமல் இருந்தன.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். கையிலிருந்த கீரை ஆய்ந்தபடியே நின்றுவிட்டது.

"அந்த அம்மா, ஸாண்ட்ரா... ஒரு வினாடி யோசிச்சிருந்தா போயிருக்க மாட்டா, இல்லே?" என்றார். பிறகு, "அந்த ரெண்டாவது வந்த ரபியம்மா, வீட்டைத் திறந்து உள்ளே போனாளே, அன்னிக்கு அவளுக்கு யாராச்சும் கூட இருந்தாங்களா?" என்று கேட்டார்.

அதற்கு நான் என்ன சொல்வது? சும்மா இருந்தேன்.

நம் குருமனைக் கதையைச் சொல்லாமல் விட்டேனே. அன்று லாரி காலையில் வரவில்லை. பூந்தமல்லி அருகே பழுதாகி நின்று, இரவு ஒன்பது மணிக்கு மேல் வந்தது. மாதர் சங்கத்தார் ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. ஐயரம்மா மெலிந்த உடம்பு, தூங்கி வழியும் பெண் குழந்தை தோளில். சாமான் இறக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. கட்டில் எந்தப் பக்கம் போடுவது என்று ஆளுக்கு ஒன்று சொல்ல, ஐயரம்மா ஒன்றும் பேசாமல் நின்றார்.

அக்கா ஒரு தூக்குச் சட்டியில் ரசமும் சோறும் கொண்டுவந்து மேடையில் வைத்தார். "ஞாயிறு பள்ளி, சங்கம் எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா. முதல்ல நீங்க உட்கார்ந்து சாப்பிடுங்க" என்று குழந்தையை வாங்கிக்கொண்டார்.